பூட்டுப் போடாமல் மூடப்படும் அரங்கு



ஓர் இசையரங்கு மூடப்படும்போது அதற்கென ஒரு தேதி இருக்கும். கடைசி நிகழ்ச்சி இன்னது, கடைசியாகப் பாடியவர் இன்னார் என்று ஊர் சொல்லும், செய்தித்தாள் எழுதும். சேலம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், ஜலகண்டாபுரம், நங்கவள்ளி, மேச்சேரி, தாரமங்கலம் என நெசவும் வேளாண்மையும் கலந்து கிடக்கும் ஊர்களில், மக்கள் தலைமுறை தலைமுறையாக விடிய விடிய உட்கார்ந்து பாட்டுக் கேட்ட அரங்கு ஒன்று உண்டு. அதற்குச் சுவரும் கூரையும் நுழைவுச்சீட்டு கொடுக்கும் சன்னலும் இல்லாததால், அது மூடப்படுவது எவர் கண்ணிலும் படுவதில்லை. கோயில் முன்றிலிலோ, அறுவடை முடிந்த வயலிலோ, ஊர்ப் பொதுத் திடலிலோ தெருக்கூத்து ஆடுவதற்கென ஓர் இரவுக்கு மட்டும் ஒதுக்கப்படும் தரையே அந்த அரங்கு. கூத்துக் கலைஞர்கள் அதைக் களரி என்பர். ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் ஆண்டுதோறும் கட்டப்பட்ட களரி, இன்று ஓர் ஊரில் இரண்டாண்டு தவறி, மறு ஊரில் ஐந்தாண்டு தவறி, இன்னோர் ஊரில் அடியோடு நின்று, ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகிறது.

மூடிய அரங்கை ஒரு சமூகம் எவ்வாறு பேணலாம் என்பதற்கு அமெரிக்காவின் நாஷ்வில் நகரம் ஓர் எடுத்துக்காட்டு. அந்நாட்டு உழவர்களும் மலைநாட்டுக் குடிகளும் பிடிலும் பாஞ்சோவும் கிதாரும் வைத்துப் பாடிய பாட்டிலிருந்து வளர்ந்த ‘கண்ட்ரி’ இசைக்கு, 1925-இல் ஒரு வானொலி நிலையம் தொடங்கிய வாராந்தர நிகழ்ச்சியே பெரிய மேடையாயிற்று என்பதை, வானொலியில் பேசும்போது சொல்லாமல் கடக்க மனம் வராது. ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ எனப் பெயர் பெற்ற அந்நிகழ்ச்சி, சமயக் கூட்டங்களுக்காக 1892-இல் கட்டிமுடிக்கப்பட்ட ரைமன் அரங்கில் 1943 முதல் நடைபெற்றது. 1974 மார்ச்சில் புதிய அரங்குக்கு இடம் மாறியபோது, பழைய மேடையின் மரத்தரையில் வட்டமாக ஒரு துண்டை அறுத்தெடுத்துப் புதிய மேடையில் பதித்தார்கள். கைவிடப்பட்ட ரைமனும் புதுப்பிக்கப்பட்டு 1994-இல் மீண்டும் திறக்கப்பட்டது. சேலத்திலேயே, டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையம் மறைந்த பின்னும், ஏற்காடு சாலையில் அதன் முகப்பு வளைவு நிற்கிறது. களரியில் அறுத்தெடுக்க மரத்தரையும் இல்லை, விட்டுவைக்க வளைவும் இல்லை. அங்கே இருப்பவை இசையும் இரவுமே என்பதால், இந்த உரையின் பெரும்பகுதி அவ்விரண்டைப் பற்றியதாகவே அமைகிறது.

முதலில் இசை. கூத்து நடக்கும் இரவில், வேடக்காரர்கள் தடுப்புக்குப் பின்னால் முகத்தில் அரிதாரம் தீட்டி, மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் ஒட்டிய கிரீடத்தையும் புஜக்கட்டையையும் மார்புப் பதக்கத்தையும் இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போதே, களரியின் பின்புறத்தில் அமர்ந்த வாத்தியக்காரர்கள் மிருதங்கம், தாளம், ஆர்மோனியம், முகவீணை ஆகியவற்றைச் சேர்த்து முழக்கத் தொடங்குவர். களரி கட்டுதல் எனப்படும் இந்தத் தொடக்க இசைக்குப் பாட்டும் கிடையாது, கதையும் கிடையாது. பக்கத்து ஊர்க்காரர்கள் சாப்பிட்டுக் கைகழுவிப் புறப்படுவதற்கான அழைப்பாகவும், வெறும் மண்ணாகக் கிடந்த இடத்தை ஆடுகளமாக மாற்றும் சடங்காகவும் அது ஒருசேர நின்றது.

இந்த வாத்தியங்களுள் முகவீணையைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்லத் தோன்றுகிறது. நேயர்கள் பொறுத்தருள வேண்டும். முகவீணை என்பது நாகசுரத்தின் சிறிய உறவினர் போன்ற ஊதுகுழல். ஒரு முழத்துக்கும் குறைவான நீளமுள்ள அதன் வாயில் சீவாளி செருகப்பட்டிருக்கும். குழல் குட்டையாக இருப்பதால் அதன் ஒலி மிக மேலே நிற்கும். மிருதங்கம் எவ்வளவு முழங்கினாலும் அதற்கு மேலே கிழித்துக்கொண்டு வரும் அந்த ஒலி, காற்று அடிக்கும் பக்கமாக வெகுதூரம் செல்லும். வேடக்காரர் ஓர் அடியைப் பாடி முடிக்கும் இடத்தில், முகவீணைக்காரர் அதே அடியைச் சொல்லில்லாமல் ஊதித் திருப்பிச் சொல்வார். அழுகைப் பாட்டாக இருந்தால், பாடியவர் நிறுத்திய பிறகும் அந்த அழுகையை இழுத்துக்கொண்டே போவார். ஆர்மோனியத்தின் கட்டைகளுக்கு இடையில் விழுந்துவிடும் குழைவுகள் முகவீணைக்கு எளிதில் வரும் என்பதால், நல்ல முகவீணைக்காரர் அமைந்த கூத்துச் செட்டுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, ஊர்களில் தனி மதிப்பு இருந்தது. சீவாளியை நாவால் நனைத்து, இரண்டு முறை ஊதிப் பார்த்து, பிடிக்காமல் எடுத்து வேறொன்றைச் செருகி, மறுபடியும் நனைத்து ஊதும் அவருடைய பொறுமையைப் பார்த்துக்கொண்டிருப்பதே முன்வரிசைச் சிறுவர்களுக்கு ஒரு வேடிக்கை.

அடுத்தது வேடம் வரும் முறை. இருவர் ஒரு துணித் திரையை இரு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்க, அதற்குப் பின்னால் நிற்கும் வேடக்காரரின் கிரீடத்தின் உச்சி திரைக்கு மேலும், சலங்கை கட்டிய பாதம் திரைக்குக் கீழும் தெரிய, அவர் தம்மை அறிமுகப்படுத்தும் பாட்டை அங்கிருந்தே பாடுவார். தாளமின்றி நீட்டிப் பாடும் விருத்தமும், தாளத்தோடு ஆட்டத்துக்கேற்பப் பாடும் தருவும் மாறி மாறி வரும். ஒவ்வோர் அடியையும் பின்பாட்டுக்காரர்கள் எடுத்துப் பாடுவது அழகுக்காக மட்டும் ஏற்பட்டதன்று. கனத்த மரக்கட்டைகளைச் சுமந்து சுழன்றாடும் வேடக்காரருக்கு மூச்சு வாங்க இடம் கொடுப்பதும் அந்தப் பின்பாட்டே. திரை விலகியதும் கோமாளி, வந்திருப்பவர் எந்த நாட்டு ராசா என்று கேலியாகக் கேட்க, துரியோதனனே ஆனாலும் ஊர்க்காரர்கள் முன்னிலையில் அவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

குரல்கள் அனைத்தும் உச்சத்திலேயே நிற்பது ஏன் என்று நேயர்கள் கேட்கக்கூடும். ஒலிபெருக்கி வருவதற்கு முன் வளர்ந்த இசைக்கு அது இன்றியமையாத இயல்பு. கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாளும் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடிப் பழகிய குரல்களாலேயே புகழ் பெற்றனர். கொட்டகை கூட இல்லாத திறந்த வெளியில் பாடிய கூத்துக்காரரின் தொண்டை அதற்கும் மேலே ஏற வேண்டியிருந்தது.

இனி இரவு. இரவு பத்து மணியளவில் தொடங்கி வெயில் ஏறும்வரை நீளும் கூத்தில், நேரமும் கதையின் ஓர் உறுப்பாகும். நள்ளிரவு வரை கோமாளியின் சிரிப்பும் தர்க்கமும் ஓங்கியிருக்கும். பிள்ளைகள் போர்வைக்குள் உறங்கிப்போன பிறகு, பெரியவர்கள் அரைத் தூக்கத்திலும் அரை விழிப்பிலும் இருக்கும் பின்னிரவில், கதையின் துயரம் வரும். அரிச்சந்திரன் கூத்தில், இறந்த மகனைச் சுமந்து வரும் சந்திரமதி சுடுகாட்டில் தன் கணவனிடமே கூலிக்கு வாதாடும் மயான காண்டம் விடியலை ஒட்டி நடப்பதும், ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளும் நல்லதங்காளின் புலம்பல் ஊர் அடங்கிய நேரத்தில் எழுவதும், கேட்பவரின் உடல் அப்போது எந்த நிலையில் இருக்கும் என்பதை அறிந்த கணக்கு. இறந்தவர்களுக்காகக் கர்ண மோட்சம் ஆடுவதும், மழை வேண்டி விராட பருவம் ஆடுவதும், இக்கூத்து வெறும் பொழுதுபோக்கைக் கடந்து ஊரின் வாழ்வோடு பிணைந்திருந்ததைக் காட்டுகின்றன. எட்டு மணி நேரக் கூத்தை அரை மணி நேர ‘கிராமிய இசை’யாக ஒலிபரப்பும் வானொலி, பாட்டைத் தரலாம், அந்தப் பின்னிரவைத் தர இயலாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த இரவுதான் இப்போது சுருங்கியிருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைப்பதைத் தடை செய்கின்றன. விழாக்களுக்காக மாநில அரசு தளர்த்தினாலும் நள்ளிரவு வரை மட்டுமே, அதுவும் ஆண்டுக்குப் பதினைந்து நாள்களுக்கு மிகாமல் தளர்த்த இயலும். உச்ச நீதிமன்றமும் 2005 ஜூலையில் இந்நெறியை வலியுறுத்தியது. நோயாளிக்கும் படிக்கும் பிள்ளைக்கும் தேவையான இவ்விதியைக் குறை கூற இடமில்லை; எனினும் கூத்து தொடங்கும் மணியும் விதி தொடங்கும் மணியும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

விதியை மட்டும் காரணமாக்குவதும் முறையன்று. கைத்தறி நெய்தவர் கூத்துக்கு மறுநாள் தறிக்குழியில் கால் வைக்காமல் உறங்கி, அடுத்த இரு நாள்களில் கூடுதலாக நெய்து ஈடுகட்ட முடிந்தது. இரவிலும் ஓடும் விசைத்தறியில் முறை வைத்து வேலை பார்ப்பவருக்கு அந்த உரிமை கிடையாது. வெற்றிலை பாக்கில் முன்பணம் வைத்துக் கூத்துக்குச் சொல்லிவந்த ஊர்ப் பெரியவர்களின் இடத்துக்கு வந்த இளைஞர்கள், ஊர் திரட்டும் வரிப்பணத்தில் ஆடல் பாடல் நிகழ்ச்சியையோ மெல்லிசைக் குழுவையோ அழைக்கின்றனர். கூத்துக் காலமான பங்குனியும் சித்திரையும் 2020-இலும் 2021-இலும் கொரோனாவால் பாதிக்கப்பட்டபோது, பல கலைஞர்கள் வேறு வேலைக்குப் போயினர். போனவர் அனைவரும் திரும்பியதாகச் சொல்ல இயலாது.

ஜலகண்டாபுரம் நாடகத்துக்குப் புதிய ஊரன்று. திராவிட இயக்க நாடகாசிரியர் ப. கண்ணன், ஊர்ப் பெயரையே தம் பெயருக்கு முன் தாங்கி அறியப்பட்டவர்; அவருடைய எழுத்து நாடகங்கள் அச்சேறியதால் நிலைத்தன. கூத்தின் பாடல்களோ ஏட்டிலும் நோட்டுப் புத்தகத்திலும் வாத்தியார்களின், அதாவது கூத்தைக் கற்பித்து நடத்தும் ஆசான்களின், நினைவிலும் மட்டுமே இருந்தன. அவற்றைக் காக்க மேட்டூர் வட்டாரத்தில் எழுத்தாளர் மு. ஹரிகிருஷ்ணன் முன்னின்று நடத்தும் களரி அமைப்பும் ‘மணல்வீடு’ இதழும் எடுத்த முயற்சி குறிப்பிடத்தக்கது. அரசு சார்பில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென நல வாரியமும் இயங்குகிறது. இவை கலைஞரைத் தாங்குகின்றன. களரியைக் கட்டும் பொறுப்பு மட்டும் ஊரிடமே இருக்கிறது.

நேரம் நெருங்கிவிட்டதால் சுருக்கமாகச் சொல்வதானால், கூத்துக் களரி ஊர் அழைப்பதால் திறந்து, ஊர் அழைக்க மறந்தால் மூடும் அரங்கு. ஆகவே அதைத் திறக்கவும் பெரிய முதலீடு தேவைப்படாது. முகவீணையும் உச்சக் குரலும் ஒலிபெருக்கி இல்லாத காலத்துக்கென்றே உருவானவை என்பதால், வீடுகளைவிட்டு விலகிய திடலில், உரிய அனுமதியோடு, கூட்டத்தைக் கிட்டத்தில் உட்காரவைத்து ஒலிபெருக்கி இல்லாமலே, விதி இடம் தரும் நேரம் வரை ஆடிப் பார்க்கலாம். வரும் பங்குனியில் திருவிழாக் கணக்குப் பார்க்க உட்காரும் ஊர்க் குழுவினர், பட்டாசுக்கும் மின்விளக்குக்கும் ஒதுக்கிய பிறகு, ஒரு கூத்துச் செட்டுக்கும் முன்பணம் எழுதுவார்கள் என்று நம்புவோம்.