தொடர்புக்கும் ஓர் இலக்கு வேண்டும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



புதிதாக வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் பெரியவர்கள் சொல்லும் ஓர் அறிவுரை உண்டு. "நாலு பேரைத் தெரிஞ்சு வச்சுக்க, பின்னால உதவும்" என்பார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் எந்த நாலு பேர்? அவர்களிடம் என்ன கேட்பது? எப்போதைக்குள் கேட்பது? இதை யாரும் சொல்வதில்லை, பிள்ளைகளும் கேட்பதில்லை. கைப்பேசியில் ஐந்நூறு எண்கள் சேர்ந்துவிடுகின்றன. வேலை மட்டும் கிடைப்பதில்லை.

கோலாலம்பூரில் வளரும் பிள்ளையைவிட, கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாமில் வளரும் பிள்ளைக்கு இந்தக் கேள்வி மிக முக்கியம். நகரத்துப் பிள்ளையின் மாமா வங்கியில் இருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் பொறியாளராக இருப்பார். சும்மா பேசிக்கொண்டிருந்தாலும் ஏதாவது ஒரு செய்தி காதில் விழும். ரிங்லெட், லெம்பா பெர்த்தாம் வட்டாரத் தோட்டங்களில் அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன் எல்லாரும் அறிந்தது அதே தேயிலை ஆலை, அதே காய்கறித் தோட்டம். பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் எல்லார் காதிலும் விழுவது ஒரே செய்தி. டிப்ளோமா முடித்த பிள்ளை ஆறு மாதம் காத்திருந்து, படித்த படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலையில் உட்கார்ந்துவிடுகிறது. கல்விக் கடன் மட்டும் கூடவே வருகிறது.

தோட்டப்புறத்துக்குத் தொடர்பு என்பது புதிய சங்கதி அல்ல. மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி முறையே தொடர்புகளால் ஆனதுதான். கங்காணி சொந்த ஊருக்குப் போவார். உறவினர், தெரிந்தவர் என்று பேசி அழைத்து வருவார். 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை அது நடந்தது. கப்பலேறி வந்தவர்களுக்கு ஆள் தெரிந்திருந்தது. ஆனால் அந்தத் தொடர்பின் இலக்கு யாருடையது? தோட்டத்துக்கு ஆள் கிடைத்தது. கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. தனக்கென்று ஓர் இலக்கு இல்லாமல் ஒரு தொடர்புக்குள் நுழைகிறவர், அடுத்தவர் இலக்குக்குப் பயன்பட்டுவிடுவார்.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2022-இல் மலேசிய இளைஞர்கள் பலர், கை நிறையச் சம்பளம் என்ற பேச்சை நம்பிப் போய், கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள். தனக்கு எந்த வேலை வேண்டும், அதற்கு என்ன தகுதி தேவை என்று தெளிவாக அறிந்தவரிடம் இப்படிப்பட்ட பேச்சு எளிதில் எடுபடாது.

அதே மலையில் வேறொரு கதையும் இருக்கிறது. 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியவர் ஜே.ஏ. ரஸ்ஸல். மலாயாவில் வளர்ந்தவர், வணிகம் தெரிந்தவர், சீன மொழியும் பேசுவார். தேயிலை பயிரிடும் அனுபவத்துக்கு, இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய ஏ.பி. மில்னே என்பவருடன் சேர்ந்துகொண்டார். ரஸ்ஸலிடம் முதல் இருந்தது, அவர் வெள்ளைக்காரர், காலமும் அவர்களுடையது. தோட்டத்துப் பிள்ளையின் நிலை வேறுதான். ஆனாலும் அவர் செய்ததில் ஒரு பாடம் உண்டு. தன்னிடம் இல்லாதது எது என்று பார்த்து, அது இருக்கும் ஆளுடன் சேர்வதுதான் அது.

அப்படிப்பட்ட ஆள் எங்கே இருப்பார்? பெரும்பாலும் நெருங்கிய வட்டத்துக்குச் சற்று வெளியே இருப்பார். அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று அவர் கேட்டிருந்தார். அடிக்கடி என்றவர்கள் 16.7 விழுக்காட்டினரே. எப்போதாவது என்றவர்கள் 55.6 விழுக்காடு, அரிதாக என்றவர்கள் 27.8 விழுக்காடு. அது சிறிய ஆய்வுதான். ஆனால் 2022-இல் லிங்க்ட்இன் தளத்தின் 2 கோடிப் பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வும் ஏறக்குறைய அதே பக்கம்தான் சாய்ந்தது. உயிர் நண்பரைவிட, அளவோடு பழகியவரே புதிய வேலைக்கு அதிகம் உதவுகிறார். காரணம் எளிது. நண்பருக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். சற்றுத் தள்ளி இருப்பவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது.

இனி நடைமுறைக்கு வருவோம். லெம்பா பெர்த்தாமில் பிறந்து, ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளோமா முடித்த ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். "நல்ல வேலை வேண்டும், பெரிய ஆட்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்" என்பது இலக்கு ஆகாது, அது ஆசை. அந்தப் பெண் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று வரி எழுதட்டும்.

முதல் வரி, தெரியாதது எது? மின் பராமரிப்பு வேலைக்கு எரிசக்தி ஆணையம் வழங்கும் சார்ஜ்மேன் தகுதிச் சான்றிதழ் கைகொடுக்கும். அதற்கு எப்படித் தயாராவது, எந்த நிறுவனம் பயிற்சியாளரைச் சேர்க்கிறது என்பது தெரியவில்லை.

இரண்டாவது வரி, யாருக்குத் தெரியும்? இங்கே மலையைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ரிங்லெட்டில் சுல்தான் அபு பாக்கார் அணை இருக்கிறது. அதன் நீர் சுரங்கம் வழியாகச் சுல்தான் யூசோப் நீர்மின் நிலையத்துக்குப் போகிறது. அங்கே தொழில்நுட்பர்கள் வேலை செய்கிறார்கள். தேயிலை ஆலையில் இலையை வாட்டவும், உருட்டவும், உலர்த்தவும் இயந்திரங்கள் ஓடுகின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருப்பார். பாலிடெக்னிக் விரிவுரையாளரும், இரண்டு வருடம் முந்திப் படித்த மாணவர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாவது வரி, எப்போதைக்குள்? மாதம் இரண்டு பேர், ஆறு மாதத்தில் பன்னிரண்டு பேர். "ஆறு மாதத்தில் வேலை" என்று எழுத வேண்டாம். வேலை கொடுப்பது முதலாளி கையில் இருக்கிறது. இரண்டு பேரிடம் கேட்பது அந்தப் பெண்ணின் கையில் இருக்கிறது. கையில் இருப்பதை இலக்காக வைத்தால் மனம் சோராது. பன்னிரண்டு பேரில் ஏழு பேர் பதில் சொல்லாவிட்டாலும் ஐந்து பேர் மிச்சம்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் நம் பிள்ளைகளுக்குக் கூச்சம். "என்ன நினைப்பாங்களோ" என்று தயங்கியே ஒரு வருடம் போய்விடுகிறது. வேலை வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டால் யாரும் ஒதுங்கத்தான் செய்வார்கள். தகவல் கேட்டால் பலர் மகிழ்ச்சியோடு பேசுவார்கள். புலனத்தில் இப்படி எழுதலாம்: "வணக்கம் அண்ணே. லெம்பா பெர்த்தாம் தோட்டத்துப் பிள்ளை. மின்பொறியியல் டிப்ளோமா முடிச்சிருக்கேன். சார்ஜ்மேன் தேர்வுக்கு நீங்க எப்படித் தயாரானீங்கன்னு பத்து நிமிஷம் கேட்டுத் தெரிஞ்சுக்கலாமா? உங்களுக்கு வசதியான நேரம் சொல்லுங்க." கேள்வி ஒன்று, நேரம் பத்து நிமிடம். மறுப்பதற்கும் அவருக்கு வழி இருக்கிறது.

பேசி முடித்தபின் இரண்டு வேலை பாக்கி. அன்றே நன்றி சொல்ல வேண்டும். அவர் சொன்ன யோசனையைச் செய்து பார்த்துவிட்டு, ஒரு மாதம் கழித்து என்ன ஆயிற்று என்று தெரிவிக்க வேண்டும். பலர் நன்றியோடு நிறுத்திவிடுகிறார்கள். தன் பேச்சுக்குப் பலன் இருந்தது என்று அறிந்தவர், அடுத்த வாய்ப்பு வரும்போது அந்தப் பெயரை நினைவில் வைத்திருப்பார்.

வாங்குவது மட்டும் தொடர்பு ஆகாது, கொடுக்கவும் வேண்டும். வேலையில்லாதவரிடம் கொடுக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நேரம் இருக்கிறது. 1982-இல் மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், இந்திய மாணவரின் கல்வி என்ற ஒரே இலக்கோடு வளர்ந்தது. பிறர் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். கூட வேலை செய்கிறவர்களோடு ஏற்படும் பழக்கம் எந்த விருந்திலும் கிடைக்காது. எஸ்.பி.எம். எழுதும் தோட்டத்துத் தம்பிக்கு வாரம் இரண்டு மணி நேரம் கணிதம் சொல்லிக் கொடுப்பதும் அப்படித்தான்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை தெரியாதவரிடம் பேசுவதை அதிகப்பிரசங்கித்தனம் என்று அடக்க வேண்டாம். யாரிடம், எதற்காகப் பேசுகிறாய் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லும் பிள்ளைக்கு இலக்கு இருக்கிறது. பதில் சொல்லத் தடுமாறினால், பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூன்று வரியை எழுத உதவுங்கள். யாராவது முன்பணம் கேட்டால், அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

இந்த வாரம் ஒரு பெயர் போதும். ஒரு கேள்வியை எழுதி, ஞாயிற்றுக்கிழமைக்குள் அவரிடம் கேட்டுவிடுங்கள்.