மயக்க மருந்தும் பெற்றோர் மனமும்



கல்கிசையில் வாழும் ஒரு தாயும் தந்தையும், குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை பெறவிருக்கும் நான்கு வயதுப் பிள்ளையோடு, விடியுமுன்னரே காலி வீதியில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். அவர்கள் செல்லுமிடம் பொரளையிலுள்ள சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. 1895ஆம் ஆண்டிலே தோற்றம்பெற்ற, கட்டணமின்றிச் சிகிச்சையளிக்கும் நிலையம் அது. சத்திரவைத்தியரின் கத்தியை எண்ணி அவ்விருவரும் அஞ்சவில்லை. "மயக்கம் கொடுத்தால் பிள்ளை கண் விழிக்குமோ?" என்பதே அவர்கள் வாய்விட்டுக் கேட்காத கேள்வி.

இவ்வச்சத்தைப் பேதைமையென்று தள்ளிவிடுதல் முறையன்று. 1846 ஒக்டோபரில் பொஸ்தன் நகரில் ஈதரின் ஆற்றல் யாவரும் காண நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டே குளோரோபோம் வந்தது. 1848 ஜனவரியிலோ, கால்விரல் நகமொன்றை அகற்றுவதற்காகக் குளோரோபோம் கொடுக்கப்பட்ட ஹன்னா கிரீனர் என்னும் 15 வயது ஆங்கிலச் சிறுமி உயிரிழந்தாள். அன்று நோயாளியின் நாடியையும் முகநிறத்தையும் பார்ப்பதைத் தவிர வேறு காவல் இருக்கவில்லை. இன்று விரலில் மாட்டும் சிறு கருவி, குருதியிலுள்ள ஒட்சிசன் குறைவதைக் கண்ணுக்குப் புலப்படுமுன்னரே காட்டிவிடுகிறது. உணர்வழியியல் வைத்தியர் பிள்ளையின் தலைமாட்டை விட்டு அகல்வதில்லை. இவ்வளவும் கதவுக்கு அப்பால் நடப்பதால், பெற்றோர் இதை அறிவதேயில்லை.

பட்டினி விதியை எடுத்துக்கொள்வோம். மயக்கத்தில் இரைப்பையிலுள்ளது மேலெழுந்து சுவாசப்பையினுட் புகுந்துவிடக்கூடும். ஆகையால் திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்னும், தாய்ப்பாலை 4 மணி நேரத்துக்கு முன்னும், தெளிந்த நீரை 2 மணி நேரத்துக்கு முன்னும் நிறுத்துவது பொது வழக்கம். காரணத்தைச் சொல்லாது "ஒன்றும் கொடாதே" என்று மட்டும் கட்டளையிட்டால், அழும் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட்டை முந்தானைக்குள் மறைத்துக் கொடுப்பவளும் தாய்தான்! பின்னர் அதைச் சொல்லவும் அஞ்சுவாள். அவளைக் கடிந்துகொள்ளும் முன், அவளுக்குச் சொல்லப்பட்டது என்னவென்று கேட்பது நன்று.

எந்த மொழியில் சொல்லப்பட்டது என்பதும் கேட்கத்தக்கதே. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ வரும் தந்தை, தமக்கு விளங்காத மொழியில் விளக்கம் கேட்டுத் தலையசைத்துவிட்டுச் சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிட நேர்ந்தால், அந்த ஒப்பத்தை எப்படிச் சம்மதமென்பது?

மயக்கம் தெளியும்போது சில பிள்ளைகள் தாயையும் அடையாளம் காணாது கதறி உதைப்பதுண்டு. பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். முன்கூட்டி அறிந்த தாய் பக்கத்திலிருந்து முதுகைத் தடவுவாள். அறியாதவளோ மூளைக்கு ஏதோ நேர்ந்துவிட்டதென்று நடுங்குவாள். இரண்டு நிமிட விளக்கம் செய்யும் வேற்றுமை இது.

வீடு திரும்பும்போது "திருப்திதானே?" என்று கேட்டால், "மிக்க திருப்தி, ஐயா" என்றே எவரும் சொல்வர். இலவசமாகப் பெற்ற உதவியைக் குறைகூற நம்மவர் நாணுவர். பிள்ளை உயிரோடு தோளில் கிடக்கும்போது குறை நினைவுக்கும் வராது. ஆகவே அக்கேள்வியாற் பயனில்லை. எத்தனை மணிக்குப் பிள்ளை கடைசியாக நீர் அருந்தியது, மயக்கம் கொடுப்பவரை முன்னரே கண்டு பேசினீர்களா, இன்றிரவு வலித்தால் எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்கட்டும். கல்கிசைக்குத் திரும்பும் அந்தத் தாய் மூன்றுக்கும் தயங்காது விடை சொல்வாளாயின், அவளுடைய திருப்தியை நம்பலாம்.