கட்டிலுக்கு ஒரு திரை

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், இளைப்பாறிய தாதியான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



ஒரு சிறிய விடயத்தையே பேச வந்தேன். படுக்கையில் இருக்கும் முதியவரை மேல் கழுவி உடை மாற்றும்போது அவரது மானத்தை எப்படிக் காப்பது?

முதியோர் இல்லமொன்றில் ஓர் ஆச்சியைப் பார்த்தேன். சிறுநீரில் கிருமித்தொற்று; ஆனால் தண்ணீர் குடிக்க மாட்டார். காரணம் கேட்டேன். "குடிச்சால் சட்டி கேக்கவேணும் பிள்ளை. எல்லாருக்கும் முன்னால எப்பிடி?" என்றார். அந்த அறையில் ஒரு திரைகூட இல்லை. பணிப்பெண்கள் நல்லவர்கள், ஆட்கள்தான் போதாது. ஆனாலும் கூச்சத்துக்காக ஒருவர் தாகத்தோடு கிடந்தார்.

எங்கள் ஊர்ப் பெண்கள் ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்டக் கூசிய காலம் ஒன்று இருந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த லீச் சகோதரிகள் நிதி திரட்டினார்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென இணுவில் மக்லியோட் வைத்தியசாலை 1898இல் எழுந்தது. கூச்சத்தை விடுங்கள் என்று சொல்லவில்லை. அதை மதிக்க இடம் அமைத்தார்கள்.

இன்று சட்டங்களும் உண்டு. இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பராமரிப்பு இல்லங்களிலும் முதியோரின் கண்ணியமும் அந்தரங்கமும் மதிக்கப்பட வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 1991இலேயே கூறியது. ஆனால் கட்டிலருகே நிற்பது சட்டமல்ல, ஒரு கை. அந்தக் கை செய்யவேண்டியவை இவை: கதவைத் தட்டுங்கள். செய்யப்போவதைச் சொல்லி, சம்மதம் கேளுங்கள். திரையை இழுங்கள். உடம்பைத் துவாயால் மூடி, கழுவும் பகுதியை மட்டும் திறவுங்கள். அவரால் கழுவக்கூடிய இடத்தை அவரே கழுவட்டும். பெண்ணொருவர் வேண்டுமென்றால் பெண்ணே செய்யட்டும். மற்றவர் காதில் விழ மலம், சலம் பற்றிக் கேட்காதீர்கள்.

வெளிநாட்டுச் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவைப் பார்க்கும் ஆசையில் நேரங்கெட்ட நேரத்தில் வீடியோ அழைப்பு எடுக்காதீர்கள். உடை மாற்றும் வேளையில் கைபேசி அந்த அறைக்குள் வரக்கூடாது. பெற்றோரின் நினைவுநாளுக்கு இல்லங்களில் ஒருநாள் சாப்பாடு கொடுக்கிறோம், நல்லதே. அடுத்த முறை ஒரு கட்டிலுக்குத் திரையும் கொடுங்கள்.

அன்று நாங்கள் கயிறு கட்டி, பழைய சேலை ஒன்றை ஆச்சியின் கட்டிலைச் சுற்றித் தொங்கவிட்டோம். மாலையில் அவரே கேட்டார்: "பிள்ளை, கொஞ்சம் தண்ணி தாறியே?"