நாமே சேர்த்த கம்ப்யூட்டர்: டேலி ஆகும் வரை

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மேடைப் பேச்சாளன் அல்ல. 38 வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். படித்தது பி.காம். நான் ஸ்குரூடிரைவரைக் கையில் எடுத்தால் வீட்டில் உடனே எலக்ட்ரீஷியனுக்குப் போன் போடுவார்கள். அப்படிப்பட்ட நான் 2024 டிசம்பரில் ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கி, என் பேத்தியோடு ஹாலில் உட்கார்ந்து சேர்த்தேன். அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர்.

அவர் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நம் சங்க அலுவலகத்தில் இருப்பது விண்டோஸ் 10 கம்ப்யூட்டர். அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. வாசிப்பு அறையில் பிள்ளைகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்ற கோரிக்கையும் வந்திருக்கிறது. இரண்டுக்கும் நம் பராமரிப்புப் பணம்தான் போகப்போகிறது. எப்படிச் செலவழிப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலையில் சேர்ந்தது 1982-ல். மறு வருடம் கம்ப்யூட்டர் பற்றி வங்கி நிர்வாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் ஒப்பந்தம் ஆயிற்று. 1984-ல் ரங்கராஜன் கமிட்டி அறிக்கை வந்தது. எந்திரம் வந்தால் நம் நாற்காலி போய்விடும் என்று கோஷம் போட்டவர்களில் நானும் ஒருவன். பிறகு எங்கள் கிளைக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்தபோது, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பின்னால் கோர் பேங்கிங் வந்தது. சொல்லிக் கொடுத்த பொத்தான்களை அழுத்திக் காலத்தை ஓட்டினேன். ஆனால் அந்தப் பெட்டி அடுத்தவர் திறக்கவேண்டியது, நாம் தொடக்கூடாது என்ற பயம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை.

பேத்தி பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தாள். பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான். செல்போனில் புரோகிராம் அடித்துக்கொண்டிருந்தாள். கடையில் விசாரித்தால் நாற்பதாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். என் கையிருப்பு 30,000. "தாத்தா, நாமே சேர்க்கலாமா?" என்று கேட்டாள். முதலில் முடியாது என்றுதான் சொன்னேன். அன்று இரவு தூக்கம் வராமல் கோடு போட்ட தாளை எடுத்துக் கணக்கு எழுத ஆரம்பித்தேன்.

நான் வாங்கிய விலையைச் சொல்கிறேன். ரைசன் 5 5600ஜி பிராசஸர் 11,200. மதர்போர்டு 5,300. இரண்டு 8 ஜிபி ராம் சேர்ந்து 3,400. 500 ஜிபி எஸ்.எஸ்.டி. 3,100. 450 வாட் பவர் சப்ளை 2,900. கேபினட் 2,300. கீபோர்டும் மவுஸும் 900. ஆக மொத்தம் 29,100. மானிட்டர் மாப்பிள்ளை வீட்டில் சும்மா கிடந்தது. மீதி 900 ரூபாயில் ரயில், ஆட்டோ, மதியச் சாப்பாடு.

இந்தப் பிராசஸரை எடுத்ததற்குக் காரணம், படம் காட்டும் வேலையையும் அதுவே செய்துவிடும். தனியாக கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். மேலே வைக்கும் ஃபேனும் அதன் டப்பாவிலேயே வரும். ராம் ஒன்றே 16 ஜிபி வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு வாங்கியதும் அதனால்தான். இந்த மாதிரிப் பிராசஸர் படத்துக்கும் ராமையே பயன்படுத்துகிறது. இரண்டு ராம் போட்டால் இரண்டு கவுன்ட்டர் திறந்த மாதிரி, வேலை சீக்கிரம் நகரும்.

அடுத்தது பொருத்தம். நம் ஊரில் சொல்லவே வேண்டாம், ஜக்கார்டில் அட்டை மாறிக் கோத்தால் சேலையில் புட்டா மாறிவிடும். இதுவும் அப்படித்தான். பிராசஸர் ஏ.எம்.4 என்றால் போர்டும் ஏ.எம்.4 ஆக இருக்கவேண்டும். டி.டி.ஆர்.4 போர்டில் டி.டி.ஆர்.5 ராம் நுழையாது. போர்டின் அளவுக்குக் கேபினட் வேண்டும். போர்டில் இருக்கும் பயாஸ் பழைய பதிப்பாக இருந்தால் புதுப் பிராசஸரை அடையாளம் தெரியாது. இதைக் கடையிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளவேண்டும். வவுச்சரையும் லெட்ஜரையும் ஒத்துப்பார்ப்பது போல, ஒவ்வொரு வரிக்கும் ஒரு டிக் போட்டேன். இதற்கு இன்ஜினியர் தேவையில்லை. நிதானம்தான் தேவை.

ஒரு சனிக்கிழமை காஞ்சிபுரத்தில் ரயில் ஏறி, எழும்பூரில் இறங்கி, ரிச்சி தெருவுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஒரு கடையில், "பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன் சார்" என்றார்கள். ஜி.எஸ்.டி. 18 சதவீதம், ஆசை வரத்தான் செய்தது. ஆனால் பில் இல்லாமல் வாரன்டி கேட்டு யாரிடம் போய் நிற்பது? சீரியல் நம்பரோடு பில் போடச் சொல்லி வாங்கினேன். இன்னொரு இடத்தில், கேபினட்டோடு பவர் சப்ளை இலவசம் என்றார்கள். 2,900 மிச்சம் என்று நான் மயங்கிவிட்டேன். பேத்தி விடவில்லை. "தாத்தா, மத்த எந்தப் பாகம் போனாலும் அது மட்டும்தான் போகும். இது போனா மத்ததையும் சேர்த்துக் கொண்டுபோயிடும்" என்றாள். கரண்ட் எப்படி ஏறி இறங்குகிறது என்று நமக்குத் தெரியும். அவள் சொன்னதே சரி.

ஞாயிறு காலை வேலை ஆரம்பம். பட்டுப் புடவை, நைலான் துணி உடுத்திக்கொண்டு யாரும் கிட்டே வரவேண்டாம் என்று உத்தரவு போட்டோம். அந்தத் துணிகளில் உண்டாகும் நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்கும். பாகத்தைத் தொடும் முன் ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டோம். பிராசஸரின் அடியில் ஊசி ஊசியாக 1,331 கால்கள். மூலையில் உள்ள முக்கோணக் குறியைப் போர்டில் உள்ள முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால் தானாக உட்காரும். அதை அழுத்தவே கூடாது. மூன்று மணி நேரத்தில் எல்லாம் மாட்டி, சுவிட்சைப் போட்டோம். ஃபேன் சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை.

என் வயிறு கலங்கியது உண்மை. சமையலறையிலிருந்து என் மனைவி, "பணம் போச்சா?" என்று கேட்டாள். பேத்தி முகம் வாடிவிட்டது. அப்போதுதான் எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. டே புக் டேலி ஆகாத ராத்திரிகள் எத்தனை! அன்று யாரும் லெட்ஜரைக் கிழித்துப் போட்டுவிடவில்லை. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கும் என்று தேடுவோம். வித்தியாசத்தில் பாதித் தொகை பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்போம். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் பிழை எங்கேயாவது பிடிபடும்.

"வாம்மா, டேலி பண்ணலாம்" என்று சொல்லி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மானிட்டர் ஒயர் சரி. பிராசஸருக்கு மேலே மாட்டும் தனி மின் இணைப்பு சரி. திரும்பப் போட்டுப் பார்த்தபோது, போர்டின் ஓரத்தில் ராமுக்கு நேரே ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருந்ததைப் பேத்தி கவனித்தாள். பிளக்கைப் பிடுங்கி, இரண்டு ராமையும் கழற்றி, மறுபடி வைத்து, இந்தத் தடவை நன்றாக அழுத்தினாள். டக் என்று சத்தம் கேட்டது. பிராசஸரை அழுத்தக்கூடாது என்ற பயத்தில் நான் ராமையும் மெதுவாக வைத்திருக்கிறேன்! சுவிட்சைப் போட்டதும் திரை வந்தது. 40 வருடம் முதுகைக் காட்டிய பெட்டியை அன்றுதான் நேராகப் பார்த்தேன்.

விண்டோஸ் வாங்கப் பணம் இல்லாததால் லினக்ஸ் மின்ட் போட்டோம், இலவசம். சி பிளஸ் பிளஸும் பைத்தானும் அதில் நன்றாகவே ஓடுகின்றன.

இப்போது சங்கத்துக்கு என் யோசனை. அலுவலகக் கணக்கும் கடிதமும் மட்டும்தான் என்றால் புதிதாகச் சேர்க்க வேண்டாம். கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்த, சரிசெய்த டெஸ்க்டாப் போதும். விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்ததா என்று பார்த்து, எஸ்.எஸ்.டி. உள்ளதாக, பில்லோடு வாங்கலாம்.

வாசிப்பு அறைக்கு நாமே சேர்க்கலாம், பிள்ளைகளையும் உட்காரவைத்து. ஒரு எச்சரிக்கை: 2025 கடைசியிலிருந்து ராம் விலை மிகவும் ஏறிவிட்டது. நான் சொன்ன விலையை நம்பித் தீர்மானம் போடாதீர்கள். மூன்று கொட்டேஷன் வாங்குங்கள். பணம் போதவில்லை என்றால் இப்போது ஒரு 8 ஜிபி ராம், பிறகு இன்னொன்று. பவர் சப்ளையில் மட்டும் கை வைக்கவேண்டாம். ஒரு யு.பி.எஸ். கட்டாயம். அந்த அறையின் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டு முதலில் பார்க்கச் சொல்லவேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் பேத்தியும் வருகிறோம். ஆனால் ராமை நாங்கள் மாட்டமாட்டோம். உங்கள் பிள்ளைகள்தான் மாட்டவேண்டும். முதல் தடவை திரை வராவிட்டால் யாரும் பதற வேண்டாம். உட்கார்ந்து டேலி பண்ணலாம்.

சந்தேகம் கேட்க நினைப்பவர்கள் மாலை 6 மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள், காபி உண்டு.