லயமும் லைனும்: ஓர் ஆங்கிலச் சொல்லைப் பேராக் மாணவர் கற்கும் வழி

'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு மாணவர் கையேடுகள் தரும் முதற்பொருள் கோடு. அது தவறன்று. ஆனால் அந்த ஒரு பொருளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் படிக்கப் போகும் மாணவர், ரயில் பாதைக்கும் தொலைபேசி இணைப்புக்கும் தூண்டில் கயிற்றுக்கும் கவிதையின் அடிக்கும் நடிகர் மனப்பாடம் செய்யும் வசனத்துக்கும் ஒருவர் செய்யும் தொழிலுக்கும் அதே சொல் வரக் கண்டு திகைக்கிறார். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பிறந்த தமிழ் மாணவருக்கு இந்தத் திகைப்பு தேவையில்லை. அவருடைய பாட்டனும் பாட்டியும் அந்தச் சொல்லைத் தமிழாக்கி, அதற்குள்ளேயே குடியிருந்து பிள்ளை பெற்று வளர்த்தவர்கள். அவர்கள் அதை லயம் என்றார்கள்.



இந்தப் பொருள் ஆசிரியர் அவைக்குப் புதிதன்று. லயம் போன்ற தோட்டத்துச் சொற்கள் தமிழையும் கெடுத்தன, ஆங்கிலத்தையும் கெடுத்தன, ஆகவே வகுப்பறைக்குள் அவற்றுக்கு இடமில்லை என்பது ஆசிரியர் கூட்டங்களில் நெடுங்காலமாக ஒலிக்கும் கருத்து. அதற்கு நேர்மாறான கருத்தை இவ்வுரை நிறுவ முற்படுகிறது. தோட்டத்துத் தமிழர் ஆங்கிலச் சொல்லைச் சிதைக்கவில்லை. தமிழ் இலக்கணப்படி முறையாக உள்வாங்கினார்கள். அப்படி உள்வாங்கிய சொல்லே பேரப்பிள்ளைக்கு ஆங்கிலம் கற்பிக்க மிக நல்ல தொடக்கம்.

சொல்லின் வேர்

'லைன்' இலத்தீன் மொழியின் 'லினியா'விலிருந்து வந்தது. 'லினும்' என்றால் ஆளி என்னும் செடி. அதன் நாரில் திரித்த நூல் 'லினியா'. லினன் துணியின் பெயரும் அதே வேரிலிருந்து பிறந்தது. ஆகவே சொல்லின் அடிப்பொருள் கோடு அன்று, இழுத்துக் கட்டிய நூல். நூலை இழுத்துப் பிடித்தால் நேராக நிற்கும். அதன் ஓரமாகக் கீறினால் கோடு கிடைக்கும். அதை ஒட்டி ஆட்களை நிறுத்தினால் வரிசை, வீடுகளைக் கட்டினால் வீட்டு வரிசை, தண்டவாளம் போட்டால் ரயில் பாதை. அதுவே கம்பியாக மாறினால் தந்தியும் தொலைபேசியும். 'நூல் பிடித்தாற்போல' என்று சொல்லும் கொத்தனாரின் வழக்கு தமிழ் மாணவருக்குத் தெரியும். அந்த நூலிலிருந்து தொடங்கினால் ஆங்கிலச் சொல்லின் பொருள்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக அவிழும். கோட்டிலிருந்து தொடங்கினால் ஒவ்வொன்றையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும்.

லயம்

வீட்டு வரிசை என்னும் பொருள் ஆங்கிலத்தில் படைமுகாமிலிருந்து வந்தது. கூடாரங்களை நேர் வரிசையில் அடிப்பது படையின் வழக்கம். பிரிட்டிஷ் இந்தியப் படையின் சிப்பாய்க் குடியிருப்புக்கு 'சிப்பாய் லைன்ஸ்' என்றும், டில்லி, அலகாபாத் முதலிய ஊர்களில் அதிகாரிகள் வாழ்ந்த பகுதிக்கு 'சிவில் லைன்ஸ்' என்றும் பெயர் நின்றது. பினாங்கில் இன்றும் சிப்பாய் லைன்ஸ் சாலை இருக்கிறது. சிங்கப்பூரில் பொது மருத்துவமனை அமைந்த பகுதிக்கும் அதே பெயர் வழங்கியது. அந்தச் சொல்லையே தோட்ட முதலாளிகள் எடுத்துக்கொண்டு, தொழிலாளர் குடியிருப்பைக் 'கூலி லைன்ஸ்' என்றார்கள். ஒரே நீளக் கூரை, இடையில் தடுப்புகள், ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு குடும்பம். கிரியான் பகுதிக் கரும்புத் தோட்டங்களிலும் ரப்பருக்கு முந்திய காப்பித் தோட்டங்களிலும் தமிழர் வாழ்ந்த வீடு இதுதான். பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ 1877இல் கோலக்கங்சாரில் நட்ட ரப்பர் நாற்றுகளைத் தொடர்ந்து, அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சுங்கை சிப்புட் முதல் தெலுக் இந்தான் வரை தோட்டங்கள் பரவியபோது லயமும் கூடவே பரவியது.

ஆங்கிலச் சொல் தமிழர் வாயில் எப்படி மாறியது என்பதைப் படிப்படியாகக் காணலாம். ஐகாரம் 'அய்' என ஒலிப்பதைத் தமிழ் இலக்கணம் பழங்காலம் தொட்டே அறியும். ஐயர் அய்யர் ஆவது அப்படித்தான். எனவே 'லைன்' காதுக்கு 'லய்ன்' என்றே கேட்கும். ஆனால் தமிழ்ச் சொல் இரண்டு மெய்களை அடுக்கிக்கொண்டு முடியாது. 'போன்ம்', 'மருண்ம்' போன்றவை செய்யுளில் மட்டும் வரும் அருவழக்குகள். அவற்றை இலக்கண நூலார் தனியே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்ததே பொதுவிதி எது என்பதைக் காட்டும். இரண்டு மெய்க்கும் நடுவே அகரம் நுழைந்து 'லயன்' பிறந்தது. 'டைம்' என்பது 'டயம்' ஆனதும் இதே வழியில்தான்.

அடுத்த படி இன்னும் நுட்பமானது. லயன் ஏன் லயம் ஆயிற்று? தமிழில் அன் என முடியும் பெயர் பெரும்பாலும் ஆண்பாலைக் குறிக்கும். இடத்தையும் பொருளையும் குறிக்கும் பெயர்களில் பெருங்கூட்டம் அம் என்றே முடியும். குளம், மடம், களம், கூடம் என நாவு பழகியிருக்கும்போது குடியிருப்பின் பெயர் மட்டும் முருகன், மாடன் போல ஒலிப்பது பொருந்தாது. மகரமும் னகரமும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்பது தமிழுக்குப் பழகிய செயல். நிலம் நிலன், முகம் முகன் என்று இறுதிப்போலிக்கு எடுத்துக்காட்டுத் தருவது பள்ளிப்பாடம். அங்கே மகரம் னகரமாகிறது, லயத்தில் னகரம் மகரமாகிறது, திசை வேறல்லவா என்று எதிர்வாதம் வரலாம். வேறுதான். ஆயினும் இரண்டு எழுத்தும் சொல்லிறுதியில் உறவு கொண்டவை என்பதற்கு அந்தச் சான்று போதும். எந்தத் திசையில் மாற வேண்டும் என்பதை அம் ஈற்றுப் பெயர்களின் பெருக்கம் முடிவு செய்தது.

லயம் என்றானதும் சொல் முழுத் தமிழ்ப் பெயராகிவிட்டது. மரம் மரத்தை, மரத்துக்கு என்று அத்துச் சாரியை பெறுவதுபோல லயத்தை, லயத்துக்கு, லயத்து வீடு, லயத்துப் பிள்ளைகள் என்று வந்தது. கடன் வாங்கிய சொல் சாரியை பெற்று வேற்றுமை ஏற்பது அது குடியுரிமை பெற்றதற்கு அடையாளம். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று எண்ணப்பட்ட மக்கள் இதைச் செய்தார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இதைக் கொச்சை என்று தள்ளுவது இலக்கணம் அறியாதார் செயல்.

இங்கே மாற்றுக் கருத்துகளையும் பார்க்க வேண்டும். லயம் என்பது குதிரை கட்டும் லாயத்தின் திரிபு என்று ஒரு சாரார் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஒலியியல் அதற்கு இடம் தராது. காயம், சாயம், தாயம், மாயம் எல்லாம் நெடிலோடு நிலைத்திருக்கும் மொழியில் லாயம் மட்டும் குறுகுவதற்குக் காரணம் வேண்டும். அப்படி ஒன்று காட்டப்படவில்லை. மேலும், லயம் லாயத்திலிருந்து வந்திருந்தால் லயன் என்னும் வடிவம் பக்கத்திலேயே வழங்குவது எப்படி? பேராக்கிலும் இலங்கை மலையகத்திலும் லயன், லயம் இரண்டும் வழக்கில் உண்டு. மலையகத்தில் லயத்து அறைக்கு லயக்காம்பரா என்று பெயர். ரப்பர் நாட்டிலும் தேயிலை நாட்டிலும் ஒரே சொல் ஒரே வகையில் மாறியிருப்பதற்குப் பொதுவான மூலம் ஆங்கிலத் தோட்ட நிர்வாகம் ஒன்றே. ஆலயம், நிலையம் ஆகியவற்றோடு முடிச்சுப் போடும் கருத்துக்கும் இதே விடை பொருந்தும்.

லாயக் கருத்தின் பின்னால் இருக்கும் மனக்கசப்பு உண்மையானது. மனிதரை அடைத்து வைத்த வீடு அது. வேலை போனால் வீடும் போகும் என்ற அச்சத்தோடு வாழ்ந்த வீடு அது. அந்தக் கொடுமைக்குச் சான்று வேண்டுமானால் தோட்டங்களின் வரலாறு தாராளமாகத் தரும். குறைந்தபட்ச வீட்டு வசதித் தரத்தைச் சட்டமாக்க 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1990இல் புதிய சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. சொல்லின் பிறப்பை வளைத்துச் சான்று தேட வேண்டிய தேவையில்லை.

லயத்தை நீக்கிவிட்டுத் தொடர்வீடு என எழுத வேண்டும் என்பது இன்னொரு சாராரின் திருத்தம். இதுவும் ஏற்கத்தக்கதன்று. தொடர்வீடு இன்று ஈப்போவில் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளில் வங்கிக் கடன் வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்ளும் வீடு. லயம் தோட்டத்துக்குச் சொந்தமானது, தொழிலாளிக்கு ஒருபோதும் உரிமையாகாதது. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் பேராக் தமிழரின் நூறாண்டு வாழ்வில் நடந்த மாற்றமே மறைந்துபோகும்.

தோட்டத்துத் தமிழர் எதை வாங்கவில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. பால் வெட்டும் மரங்களின் வரிசையும் ஆங்கிலப் பேச்சில் 'லைன்' ஆகலாம். தோட்டத்தில் அது நிரை என்றே நின்றது. துணி உலர்த்தும் 'லைன்' கொடி. புத்தகத்தின் 'லைன்' வரி, செய்யுளின் 'லைன்' அடி, கணக்குப் பாடத்தின் 'லைன்' கோடு. ஏற்கெனவே பெயர் இருந்த பொருள்களுக்கு அவர்கள் கடன் வாங்கவில்லை. வெள்ளைக்காரத் துரை கட்டிக் கொடுத்த, ஊரில் இல்லாத ஒரு வீட்டுக்கு மட்டுமே வாங்கினார்கள். மொழியைக் கெடுத்தவர்களின் செயலாக இது தெரியவில்லை. இந்தப் பட்டியலையே ஆசிரியர் கரும்பலகையில் எழுதலாம்: நூல், வரிசை, நிரை, கொடி, வரி, அடி, கோடு, லயம். ஆங்கிலத்தில் ஒன்றாக இருப்பது தமிழில் எட்டாகப் பிரிந்து நிற்பதை மாணவர் ஒரே பார்வையில் காண்பார்.

பயன்பாட்டில் கவனிக்க வேண்டியவை

தமிழில் லயம் ஒருமை. ஆங்கிலத்தில் குடியிருப்பைக் குறிக்கும்போது பெரும்பாலும் 'லைன்ஸ்' எனப் பன்மையில் வரும். 'லைனில் பிறந்தேன்' என்று நேராக மொழிபெயர்த்தால் ஆங்கிலேயருக்கு அது வீடாகத் தோன்றாது. 'எஸ்டேட் லைன்ஸ்' என்று அடைமொழியோடு பன்மையில் எழுத வேண்டும். நாடக வசனமும் பெரும்பாலும் 'லைன்ஸ்' எனப் பன்மையில்தான் வரும்.

முன்னிடைச் சொல் மாறினால் பொருளும் மாறும். 'இன் லைன்' என்றால் வரிசையில் நிற்பது. 'இன் லைன் வித்' என்றால் ஒன்றுக்கு இசைவாக இருப்பது. 'ஆன் தி லைன்' என்றால் தொலைபேசியில் இருப்பது, சில இடங்களில் ஆபத்துக்கு உள்ளாகியிருப்பது. கடைக்கு முன் வரிசையில் நிற்பதை அமெரிக்கர் 'லைன்' என்பர், பிரிட்டிஷார் 'கியூ' என்பர். மலேசியப் பள்ளிகள் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றுவதால் தேர்வுத்தாளில் பின்னதே பாதுகாப்பானது.

'டிராப் எ லைன்' என்பதில் எதுவும் கீழே விழுவதில்லை. சுருக்கமாக ஒரு கடிதம் எழுதுவதைக் குறிக்கும். 'டிரா தி லைன்' என்பது இதற்கு மேல் போகக்கூடாது என்று எல்லை வகுப்பது.

'எந்த லைன்ல இருக்கீங்க?' என்று தொழிலைக் கேட்பது ஈப்போக் கடைத்தெருவில் அன்றாட வழக்கு. அது ஆங்கிலத்திலும் செல்லும். 'லைன் இல்ல' என்று கைத்தொலைபேசியின் அலைவரிசையைச் சொல்வது மலேசியாவில் மலாய், தமிழ் இரண்டிலும் உண்டு. வெளிநாட்டில் அதற்கு 'சிக்னல்' என்றால்தான் புரியும். 'லைன் கிளியர்' ரயில்வேயின் சொல், அடுத்த நிலையம் வரை பாதை காலியாக உள்ளது, வண்டி போகலாம் என்னும் அனுமதி. மலாயாவின் முதல் ரயில் பாதை 1885இல் பேராக்கின் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போடப்பட்டது. ரயில்வேயில் தமிழர் பெருமளவில் வேலை செய்த மாநிலத்தில் இந்தத் தொடர் பொதுப்பேச்சுக்கு வந்ததில் வியப்பில்லை. தமிழ்த் திரைப்படம் வழி வந்த 'லைன் அடிப்பது' ஆங்கிலத்தில் அப்படியே செல்லாது என்பதை இளைஞருக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

உச்சரிப்பில் ஒரு குறிப்புப் போதும். ஆங்கிலத்தில் அது ஓரசை. இறுதியில் உகரம் சேர்த்து 'லைனு' என்று இழுக்கக்கூடாது.

இனிச் செய்ய வேண்டியவை

இதே முறையில் ஆராய வேண்டிய சொற்கள் பல. காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டு, 'பரேடு' என்னும் ஆங்கிலச் சொல்லின் மாற்றம். தோட்ட மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனித்த டிரசர் இன்னொன்று. இன்றைய ஆங்கில அகராதியில் அந்தச் சொல்லைத் தேடும் மாணவர் முதலில் காண்பது மரச்சாமான்தான். மண்டோர் (மேற்பார்வையாளர்), கித்தா (ரப்பர்), மங்கு (பால் கிண்ணம்) ஆகியவை மலாய் வழியாக வந்தவை என்பதால் அவற்றைத் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். லயனுக்கு, லயத்துக்கு ஆகிய இரு வடிவங்களும் பேராக்கின் எந்தப் பகுதியில் எவ்வளவு வழங்கின என்பதற்கு வரைபடம் வேண்டும். கெடா, ஜொகூர் தோட்டங்களோடு ஒப்பிட வேண்டும். மலையகத் தமிழோடு ஒப்பீடு தனி நூலாகும் அளவுக்குப் பெரிது.

இவற்றுக்கெல்லாம் முன்பாக ஒரு வேலை உண்டு. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய், லயங்கள் பெரும்பாலும் இடிக்கப்பட்டுவிட்டன. அவற்றில் வாழ்ந்த மூத்தவர்கள் இன்று ஈப்போவின் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். பேராக்கின் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தன் வட்டாரத்து முதியோரிடம் இச்சொற்களைக் கேட்டு, அவர்கள் சொன்ன வடிவத்திலேயே, திருத்தாமல், எழுதிவைக்க வேண்டும். அடுத்த பள்ளி விடுமுறையிலேயே இதைத் தொடங்குமாறு இங்கு வந்திருக்கும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்வதே இவ்வுரையின் வேண்டுகோள்.