பொதுக்குளமும் திறந்த நிரலும்

(மாலைப் படிப்பகம் ஒன்றில், கழித்துவிடப்பட்ட கணினிகளை மறுபடி இயக்கிவைத்த நாளில் பேசியது. பேச்சுநடை பெருமளவு அப்படியே விடப்பட்டுள்ளது.)



சுவரோரமா நாலு கணினி இருக்கு. ஓர் அலுவலகம் வேண்டாம்னு தள்ளினது. இதை இறக்கி வைக்கும்போதே ஒரு தம்பி கேட்டான்: "பழைய சோறு, பழைய துணி, இப்ப பழைய கம்ப்யூட்டராண்ணே?" இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிச்சிட்டு மேற்கொண்டு பேச முடியாது. ஊர் கழிச்சதுதான் சேரிக்கு என்பது வறுமையால் வந்த ஏற்பாடு அல்ல. அது சாதியின் இலக்கணம். செத்த மாட்டையும் எச்சில் சோற்றையும் தொடாதேன்னு அம்பேத்கர் 1927-இல் மகாடில் சொன்னது பசி தெரியாமலா? எல்லாம் தெரிஞ்சுதான்.

அதனால முதல்ல ஒன்றைத் தெளிவாக்கிக்குவோம். புதுக் கணினி கேட்கிற உரிமையை இங்கே யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அரசாங்கத்துக்கிட்ட கேட்கணும், கேட்போம். ஆனா இந்தப் பெட்டியைப் 'பழசு'ன்னு யார் முடிவு பண்ணினாங்க? அதையும் கேட்கணும் இல்லையா?

பெட்டி கெடவில்லை. விசிறி சுத்துது, திரை எரியுது. என்ன நடந்ததுன்னா, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கிச்சு. அடுத்த விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பு, அதுபோக டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு, நிறுவனம் ஒப்புக்கொண்ட புதிய செயலி, எல்லாம் இருக்கணும். இல்லேன்னா உன் பெட்டி குப்பை. எங்கேயோ ஒரு கம்பெனி போட்ட தேதியால ஓடுற இயந்திரம் கழிவாயிடுது. எது சுத்தம் எது கழிவு என்று தீர்மானிக்கிற அதிகாரம் யார் கையில் இருக்குங்கிற கேள்வி நமக்குப் புதுசு இல்ல.

இந்த நாலு பெட்டியிலும் நாங்க போட்டிருக்கிறது ஆண்டிஎக்ஸ் என்ற இயங்குதளம். இயங்குதளம்னா பெரிய மர்மம் ஒண்ணும் இல்ல. இயந்திரத்துக்கும் நமக்கும் நடுவுல நின்னு, நாம அழுத்துற எழுத்தைத் திரைக்கும் திரையில் உள்ளதை வட்டுக்கும் கொண்டுபோகிற நிரல்களின் தொகுப்பு. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருவின் மேல, டெபியன் என்ற பெரிய தொகுப்பை அடித்தளமா வெச்சுக் கட்டினது இது. கிரேக்க நாட்டிலிருந்து 2007 முதல் வருது. இதை நடத்துகிறவர் 'ஆண்டிகேபிடலிஸ்டா', அதாவது முதலாளித்துவ எதிர்ப்பாளர், என்ற புனைபெயரில்தான் எழுதுகிறார்.

எப்படி இது லேசா இருக்கு? மற்ற தளங்கள்ல திரைக்கு வர்ற ஜன்னல், நிழல், மினுமினுப்பு எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய மேசைச்சூழலா ஓடிக்கிட்டே இருக்கும். நீ ஒரு கடிதம் தட்டச்சு செய்யாத நேரத்திலும் அது நினைவகத்தைத் தின்னும். ஆண்டிஎக்ஸ் அந்த மாளிகையைக் கட்டவில்லை. ஜன்னல்களை மட்டும் கவனிக்கிற ஐஸ்டபிள்யூஎம், ஃபிளக்ஸ்பாக்ஸ், ஜேடபிள்யூஎம் போன்ற சின்னச் சின்ன நிரல்களை வெச்சே வேலையை முடிச்சிடுது. 2015-இல் டெபியன் உட்படப் பல லினக்ஸ்கள் சிஸ்டம்டி என்ற பெரிய மேலாளர் நிரலை ஏற்றுக்கிட்டப்ப, ஆண்டிஎக்ஸ் அதை வேண்டாம்னு ஒதுக்கி, பழைய எளிய முறையிலேயே இயந்திரத்தை எழுப்புது. 256 எம்பி நினைவகம் உள்ள பென்டியம் 3 பெட்டியில்கூட ஓடணும்ங்கிறது அவங்க இலக்கு. 512 எம்பி இருந்தா நல்லதுன்னு அவங்களே சொல்றாங்க. விண்டோஸ் 11 கேட்கிறதுல எட்டில் ஒரு பங்கு.

இது மீந்த சோறு இல்ல என்பதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கு. பெட்டி பழசு, உள்ளே ஓடுறது பழசு இல்ல. பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகிட்டே இருக்கும். ஏழைக்குன்னு குறைச்சுச் செய்த பதிப்பும் கிடையாது. புத்தம்புது இயந்திரத்திலும் இதே ஆண்டிஎக்ஸ்தான் ஓடும்.

குறையையும் சொல்லணும். தளம் லேசு, வலைப்பக்கங்கள் லேசு இல்ல. 1 ஜிபி பெட்டியில உலாவியில நாலு பக்கத்தை ஒரே நேரத்துல திறந்தா மூச்சுத் திணறும், இரண்டோட நிறுத்திக்கணும். 32 பிட் பெட்டிகளுக்குக் கதவு ஒவ்வொண்ணா சாத்தப்படுது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ அந்தப் பெட்டிகளில் புதுசா நிறுவ வழி இல்ல. ஃபயர்பாக்ஸும் 32 பிட் லினக்ஸைக் கைவிடுவதா அதே ஆண்டில் அறிவிச்சிடுச்சு. நம்ம நாலில் ஒண்ணு 32 பிட். அதை எழுதுறதுக்கும் படிக்கிறதுக்கும் வெச்சுக்குவோம். வேலைக்குப் போகிற இடத்துல எக்ஸெல் தெரியுமான்னுதான் கேட்பான். இதில் இருக்கிற லிப்ரெஆஃபீஸ் கால்க்கில் கணக்குப் போடப் பழகினவங்களுக்கு எக்ஸெல் பிடிபட அதிக நாள் ஆகாது. வாய்ப்புக் கிடைக்கிற இடத்துல அதையும் கத்துக்குங்க, தப்பே இல்ல.

இப்ப பெயர் விஷயம். ஆண்டிஎக்ஸின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு பெயர் உண்டு. 2015-இல் வந்ததுக்கு 'கில்லா பி'. அது பாவ்லோஸ் ஃபிஸாஸ் என்ற கிரேக்கப் பாடகரின் மேடைப்பெயர். 2013 செப்டம்பரில் 'பொன் விடியல்' என்ற பாசிசக் கட்சிக்காரன் அவரைக் குத்திக் கொன்றான். 2016 பதிப்பின் பெயர் பெர்த்தா காசெரெஸ். ஹோண்டுராஸில் லென்கா பழங்குடி மக்களின் ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்ததற்காக அந்த ஆண்டு மார்ச்சில் வீடு புகுந்து சுடப்பட்டவர். 2017-க்கு ஹெதர் ஹேயர். அமெரிக்காவின் சார்லட்ஸ்வில்லில் வெள்ளை இனவெறியர்களை எதிர்த்து நின்ற கூட்டத்தில் கார் ஏற்றிக் கொல்லப்பட்ட பெண். 2019-க்கு மரியெல் ஃபிராங்கோ. ரியோவின் குடிசைப் பகுதியில் பிறந்து மாமன்ற உறுப்பினரான கறுப்பினப் பெண், 2018 மார்ச் 14-இல் ஓட்டுநரோடு சேர்த்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட வழக்கில் இரண்டு முன்னாள் போலீஸ்காரர்கள் 2024-இல் தண்டிக்கப்பட்டார்கள்.

கணினியில எதுக்கய்யா அரசியல்னு முகம் சுளிக்கிறவங்க உண்டு. பேருல என்ன இருக்குன்னு நம்மகிட்ட யாரும் கேட்க வேண்டாம். 1997-இல் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வெச்சாங்க. அந்தப் பெயர் எழுதின பஸ்ஸில் ஏறமாட்டோம்னு ஆதிக்க சாதிக்காரன் சொன்னான். தென் மாவட்டங்களில் கலவரம். கடைசியில் எல்லாத் தலைவர் பெயரையும் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் அரசு எடுத்துப்போட்டது. ஒரு தலித் பெயரைச் சுமப்பதைவிட பெயரே இல்லாத பஸ் மேல்னு முடிவாச்சு. அதே ஆண்டு ஜூன் 30-இல்தான் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்.

ஆண்டிஎக்ஸில் ஒரு கருவி இருக்கு. நீங்க நிறுவி, உங்க தேவைக்கு மாத்தி வெச்சிருக்கிற தளத்தை அப்படியே படம்பிடிச்சு, வேறு பெட்டிகளில் நிறுவத்தக்க ஒரே கோப்பாக்கித் தரும். தமிழ் எழுத்துருக்கள், தமிழ்99 விசைப்பலகை, மகாராஷ்டிர அரசு 1979 முதல் வெளியிட்ட அம்பேத்கர் தொகுதிகள், போட்டித் தேர்வுப் பாடங்கள், எல்லாத்தையும் உள்ளே வெச்சு நாமளே ஒரு பதிப்பு செய்து அடுத்த சேரிக்குக் கொடுக்கலாம். யாரும் காசு கேட்க முடியாது, தடுக்க முடியாது. அந்தப் பதிப்பை மேலவளவு முருகேசன் பெயரில் கொண்டுவரலாம்கிறது என் யோசனை. நீங்க வேற பெயர் சொன்னாலும் சரி.

தடுக்க முடியாதுன்னு ஏன் சொல்றேன்? இதன் உரிமம் அப்படி. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய இயக்கம், 1989-இல் ஜிபிஎல் என்ற பொது உரிமத்தை எழுதியது. நிரலை யாரும் ஓட்டலாம், படிக்கலாம், மாத்தலாம், பகிரலாம். மாத்தினதை மத்தவங்களுக்குக் கொடுத்தா அதே உரிமையோட கொடுக்கணும்.

ஆனா தோழர்களே, காகிதத்தில் திறந்திருப்பது வேறு. பொதுக்குளங்கள் எல்லாருக்கும் உரியவைன்னு பம்பாய் சட்டமன்றம் 1923-லேயே தீர்மானம் போட்டாச்சு. மகாடு நகராட்சியும் 1924-இல் சவதார் குளத்தைத் திறந்தாச்சு. யார் போய்க் குடிச்சா? 1927 மார்ச் 20-ஆம் தேதி அம்பேத்கர் ஆயிரக்கணக்கான பேரோட போய் அள்ளிக் குடிக்கிற வரைக்கும் அது திறந்த குளம் இல்ல. குடிச்ச பிறகும் அடி விழுந்தது, குளத்துக்குத் தீட்டுக் கழிச்சாங்க, நகராட்சி தீர்மானத்தைத் திரும்ப வாங்கிச்சு. 1937-இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் இழுத்தது. திறந்த நிரல் உலகத்துல தீர்மானம் இருக்கு. கரையில நிக்கிறவங்க யாருன்னு பார்த்தா, இங்கிலீஷும் இணைப்பும் ஓய்வு நேரமும் தலைமுறையா வாய்ச்சவங்க.

குளத்தில் எங்கே இறங்கலாம்? 'யூஎஸ்ஆர்' என்ற அடுக்குக்குள் 'லோக்கல்', அதற்குள் 'பின்' என்று ஓர் அடுக்கு இருக்கு. ஆண்டிஎக்ஸ்காரர்கள் தாங்களே எழுதின கருவிகள் நிறைய அங்கே கிடக்கு. பெரும்பாலும் சாதாரண எழுத்தாகவே எழுதப்பட்ட கட்டளைத் தொகுப்புகள். எழுத்துத் திருத்தியில் திறந்தா வரிவரியாப் படிக்கலாம். பட்டியலில் உள்ள சொற்களைத் தமிழாக்கவும் வழி இருக்கு. அதை யார் தமிழில் செய்வது? அகராதிக் குழுவின் தமிழா, நம்ம தெருத் தமிழா? தொண்ணூறுகளில் சேரிமொழி அச்சுக்கு வந்தப்ப மூக்கைப் பொத்தினவங்க கணினித் திரையிலும் பொத்துவாங்க. பொத்தட்டும்.

கடைசியா ஏற்பாடு. திங்கள், புதன், வெள்ளி பெண்பிள்ளைகளுக்கு மட்டும். அந்த நாளில் பையன்கள் விசைப்பலகை பக்கம் வரக்கூடாது. இல்லேன்னா இங்கேயும் அவனுங்கதான் உட்கார்ந்திருப்பானுங்க, இவங்க பின்னாடி நின்னு எட்டிப் பார்க்கணும். 4 ஜிபி பென் டிரைவ் வெச்சிருக்கிறவங்க கொண்டு வாங்க, போட்டுத் தர்றேன். நிறுவாமலே அதிலிருந்து நேரா ஓட்டிப் பார்க்கலாம், வீட்டுப் பெட்டியில் இருக்கிறது எதுவும் அழியாது. கடவுச்சொல் கேட்டா, 'டெமோ'ன்னு இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிங்க.