நிபுணர் சொல்லும் குடியானவர் அனுபவமும்

(கிராம ஐக்கிய சங்க அங்கத்தினர்களின் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



விஞ்ஞானிகள் தாம் கண்டறிந்தவற்றைப் பொது ஜனங்களுக்கு எவ்வாறு எடுத்துரைக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். இது விஞ்ஞானிகளின் சபையில் பேச வேண்டிய விஷயமாயிற்றே, நம்மிடம் எதற்கு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அவர்கள் சொல்லைக் கேட்டு உரம் வாங்குகிறவர்களும், விதையை மாற்றுகிறவர்களும், ஆடுமாடுகளுக்கு ஊசி போட்டுக்கொள்ளுகிறவர்களும் நீங்களே. சொல்லுகிறவர் சரியாகச் சொல்லாவிடில் நஷ்டம் கேட்கிறவரையே சேருகிறது. ஆதலால் இது உங்கள் விஷயமே.

சாதாரணமாக இதைப் பற்றிப் பேசுகிறவர்கள், ஜனங்களுக்குப் படிப்புப் போதாது, கடினமான பதங்களை நீக்கி எளிய பதங்களில் சொன்னால் விளங்கிக்கொள்வார்கள், விளங்கினால் நம்புவார்கள் என்று முடித்துவிடுகிறார்கள். எளிய பதங்கள் வேண்டியவைதாம். ஆனால் நோய் வேறிடத்தில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். இங்கிலாந்து தேசத்தில் செம்மறியாடு வளர்ப்போருக்கு நேர்ந்ததைச் சற்று விஸ்தாரமாகச் சொன்னால் இது விளங்கும்.

1986-ஆம் வருஷம் ஏப்ரல் 26-ஆம் தேதி, அக்காலத்தில் சோவியத் ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த உக்ரேன் நாட்டில், செர்னோபில் அணுமின் நிலையத்தில் பெரும் வெடிவிபத்து உண்டாயிற்று. அங்கிருந்து கிளம்பிய கதிரியக்கப் பொருள்களைக் காற்று ஐரோப்பாவின் பல பாகங்களுக்கும் கொண்டுசென்றது. மே மாத ஆரம்பத்தில் அக்காற்று பிரிட்டன் மீது சென்றபொழுது, இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள கம்பிரியா மலைகளிலும், வேல்ஸ், ஸ்காட்லாந்து நாடுகளின் மலைகள் சிலவற்றிலும் கனத்த மழை பெய்தது. மழையோடு சீசியம் என்னும் கதிரியக்கப் பொருள் புல்லின்மேல் இறங்கிற்று. புல்லை மேய்ந்த ஆடுகளின் மாம்சத்தில் அது ஏறிற்று.

அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை என்று அதிகாரிகள் முதலில் சொன்னார்கள். பிறகு ஜூன் 20-ஆம் தேதி, அப்பிரதேசங்களில் ஆடுகளை இடம் மாற்றவும் அறுக்கவும் கூடாதென்று திடீரென உத்தரவு பிறந்தது. மூன்று வாரத்தில் தடை நீங்கிவிடும் என்றார்கள். மூன்று வாரம் கழிந்தது, தடை நீங்கவில்லை, காலவரையின்றி நீடிக்கப்பட்டது. பிரிட்டன் முழுவதிலும் சுமார் 9,800 பண்ணைகளும், 40 லட்சத்துக்கு மேற்பட்ட ஆடுகளும் இதில் அகப்பட்டன. பண்ணைகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டன என்பது மெய்யே. ஆனால் கடைசிப் பண்ணைகளின் தடை எடுபட்டது 2012-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில். மூன்று வாரம் என்றது இருபத்தாறு வருஷமாயிற்று!

கணக்கு பிசகியதற்குக் காரணம் மண். களிமண் நிலத்தில் சீசியம் விழுந்தால், அம்மண் அதை இறுகப் பற்றிக்கொண்டு வேருக்கு விடாது. விஞ்ஞானிகள் அத்தகைய நிலத்தை மனத்தில் வைத்தே கணக்கிட்டார்கள். கம்பிரியாவின் மலைமேல் உள்ளதோ, தாவரங்கள் மக்கிப் படிந்து கறுத்த, புளிப்புத்தன்மை மிகுந்த மண். அதில் சீசியம் கட்டுப்படாமல் மீண்டும் மீண்டும் புல்லில் ஏறிக்கொண்டிருந்தது. சுத்தமான புல்லை மேய்ந்தால் ஆட்டின் உடம்பிலிருந்து சீசியம் சில வாரங்களில் குறைந்துவிடும். மேய்ச்சலிலேயே அது நாள்தோறும் வந்துகொண்டிருந்தால் எப்படிக் குறையும்?

கணக்கில் பிசகு நேர்வது சகஜம். அதற்காக யாரையும் தூஷிக்க வேண்டுவதில்லை. “எங்கள் கணக்கு சமவெளிக் களிமண்ணைப் பற்றியது, உங்கள் மலை மண்ணுக்குப் பொருந்துமோ என்பது இனிமேல்தான் தெரியவேண்டும்” என்று ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால், குடியானவர்கள் தங்கள் காரியத்தை அதற்கேற்றபடி அமைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டதே குற்றம்.

அதைவிடப் பெரிய குற்றமும் ஒன்று உண்டு. அந்தக் குடியானவர்களிடம் ஒன்றும் கேட்காமலே அவர்களுக்கு யோசனை சொல்லிவந்தார்கள். குட்டிகளை உடனே விற்காமல் பொறுத்திருங்கள் என்பது ஒரு யோசனை. மலைப்பண்ணைக்காரருக்கு வருஷ வருமானத்தின் பெரும்பாகம் அக்குட்டிகளை விற்பதால் வருவது. விற்பனைக் காலமோ சில வாரங்களே. பள்ளத்தாக்கில் இருக்கும் நல்ல புல் கொஞ்சம். அது குளிர்காலத் தீவனத்திற்கு வேண்டியது. குட்டிகளை நிறுத்தி வைத்தால் அப்புல் அழிந்து, அடுத்த வருஷத்து மந்தையும் மெலியும். இது அங்குள்ள ஒவ்வொருவருக்கும் தெரிந்த கணக்கு. வெளியிலிருந்து வைக்கோல் வாங்கிப் போடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. அந்த மலையாடுகள் வைக்கோலைத் திரும்பியும் பாராதவை! ஆடு எதைத் தின்னும் என்று ஆட்டுக்காரனைக் கேட்க எவ்வளவு நேரம் செல்லும்?

பரிசோதனை ஒன்றும் நடந்தது. பென்டோனைட் என்னும் ஒருவகைக் களிமண்ணை மலைப்புல்லின்மேல் வெவ்வேறு அளவில் தூவி, அது சீசியத்தைப் பற்றிக்கொள்ளுகிறதா என்று பார்க்க, நிலத்தைச் சிறு பாத்திகளாக வேலியிட்டு ஆடுகளை உள்ளே விட்டார்கள். இந்த ஆடுகள் வேலியில்லாத மலையில் பரந்து மேய்ந்து பழகியவை, அடைத்து வைத்தால் இளைத்துவிடும், உங்கள் அளவு ஒன்றுக்கும் உதவாது என்று குடியானவர்கள் சொன்னார்கள். யாரும் செவிகொடுக்கவில்லை. பின்னர் அப்பரிசோதனை, அவர்கள் சொன்ன அதே காரணங்களால் சந்தடியின்றிக் கைவிடப்பட்டது.

அம்மலைகளுக்குச் சமீபத்தில், கடற்கரையோரத்தில், வின்ட்ஸ்கேல் என்னும் அணு நிலையம் இருந்தது. 1957-ஆம் வருஷம் அக்டோபரில் அங்கே தீப்பற்றி, சுற்றிலும் சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கறந்த பாலைக் கொட்டும்படி நேர்ந்தது. ஆகவே, இந்தச் சீசியம் முழுவதும் செர்னோபிலிலிருந்துதான் வந்ததா, பழையதும் இதில் உண்டா என்று குடியானவர்கள் கேட்டார்கள். எல்லாம் செர்னோபிலே என்ற விடை உறுதியாக வந்தது. முன் வருஷங்களில் எடுத்த அளவுகளைக் காட்டுங்கள் என்றதற்கோ திருப்தியான பதில் வரவில்லை. பழைய அணுகுண்டுப் பரிசோதனைகளாலும், 1957-ஆம் வருஷத்துத் தீயாலும் வந்ததும் அதில் கணிசமாக உண்டென்று பிற்பாடு ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதற்குள் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை போய்விட்டது. லங்காஸ்டர் சர்வகலாசாலையைச் சேர்ந்த பிரையன் வின் என்னும் ஆராய்ச்சியாளர் இக்குடியானவர்களைக் கண்டு பேசி எழுதியதால் இவை உலகுக்குத் தெரியவந்தன. அவர்களுடைய அவநம்பிக்கை அறியாமையால் வந்ததன்று, அனுபவத்தால் வந்தது என்று அவர் எடுத்துக் காட்டினார்.

இதற்கு நேர்மாறான விதத்தில் ஒரு விஞ்ஞானி நடந்துகொண்டதும் உண்டு. பிரான்ஸ் தேசத்தில் பாஸ்டர், ஆடுமாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோய்க்குத் தடுப்பு மருந்து கண்டதாகச் சொன்னபொழுது, நம்பாதவர் பலர். 1881-ஆம் வருஷம் மெலன் நகரத்து விவசாய சங்கத்தார் ஆடுகளைக் கொடுத்து, எல்லோர் கண்முன்னும் செய்துகாட்டச் சொன்னார்கள். புயீ-லெ-ஃபோர் என்னும் கிராமத்தில் 24 செம்மறியாடுகளுக்கு இருமுறை ஊசி போட்டார். வேறு 24 ஆடுகளுக்குப் போடவில்லை. மே 31-ஆம் தேதி எல்லா ஆடுகளுக்கும் கடுமையான நோய்க்கிருமியைச் செலுத்தினார். ஜூன் 2-ஆம் தேதி குடியானவர்களும் மிருக வைத்தியர்களும் பத்திரிகைக்காரர்களும் வந்து பார்த்தார்கள். ஊசி போட்ட ஆடுகள் நின்றுகொண்டிருந்தன. போடாதவற்றில் பெரும்பாலானவை செத்துக் கிடந்தன, எஞ்சியவையும் அன்றே மாண்டன. தோற்றால் எல்லோருக்கும் தெரியும்படி முன்னதாகவே முடிவைச் சொல்லிவிட்டு அவர் நின்றார். அதுவே அவருடைய பேச்சின் பலம். ஆனால் மருந்தைத் தயாரித்த முறையைப் பற்றி அவர் வெளியில் உண்டாக்கிய எண்ணம் ஒன்று, உண்மையில் கையாண்ட முறை மற்றொன்று என்பது அவருடைய சொந்தக் குறிப்புப் புத்தகங்களால் நெடுங்காலத்துக்குப் பின் வெளிப்பட்டது. பெரியவர் என்பதற்காக இதை நான் மறைக்கப்போவதில்லை.

நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்லி முடிக்கிறேன். மெலன் நகரத்தில் ஆடுகளைக் கொடுத்தது ஒரு சங்கம். கம்பிரியாவில் குடியானவர்கள் அறிந்திருந்ததெல்லாம் வேண்டிய சமயத்தில் விஞ்ஞானிகள் கைக்குப் போய்ச் சேரவில்லை. நம் சங்கத்தில் வரவு செலவுப் புத்தகத்தோடு இன்னொரு புத்தகமும் இருக்கட்டும். எந்த நிலம் எவ்வகை மண், எங்கே தண்ணீர் உப்பு, எந்த விதை எந்த வருஷம் எந்த வயலில் தவறியது, எந்த மேய்ச்சலில் எந்த மாதத்தில் மந்தைக்கு நோய் கண்டது என்பவற்றைக் காரியதரிசி தேதியோடு அதில் எழுதிவைக்கட்டும். நிபுணர் ஒருவர் நம் கூட்டத்துக்கு வந்தால், அவர் பேசத் தொடங்குமுன் அதை வாசித்துக் காட்டுங்கள். அவர் பேசிய பின்பு, இது எந்த மண்ணில் சோதித்தது, எத்தனை வருஷம் சோதித்தது, தவறினால் நஷ்டம் யாருடையது என்று கேட்டு, அவர் சொல்லும் விடையையும், விடை இல்லையானால் அதையும், அவர் எதிரிலேயே அப்புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.